முத்துமீனா டீச்சரின் ஜூன் மாதம்

மதுரை எல்லீஸ் நகர் வண்டி நிறுத்தத்தில் ஒரு சுற்றுலாப் பேருந்தின் பின்னால் குனிந்து நிற்கிறார் முத்துமீனா. நம்பர் பிளேட்டைப் பார்த்தாயிற்று, மகாராஷ்டிரா வண்டி. இப்போது அவர் பார்ப்பது ஜன்னல் கம்பிகளில் காயும் துணிகளை. ஒரு குழந்தைச் சட்டை, இரண்டு சுடிதார், பள்ளிக்கூடத்துப் பையன் போடுகிற அரைக்கால் சட்டை. நிமிர்ந்து, தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறார்: "குடும்பமா வந்துருக்காக."

புதிதாய் வந்த ஓட்டுநர் கதவைத் திறந்துகொண்டு சந்தேகமாக இறங்குகிறார். அதே இடத்தில் வேன் நிறுத்தும் உக்கிரபாண்டி தூரத்திலிருந்தே கத்துகிறார்: "அண்ணே, பயப்படாதீங்க! ஆர்டிஓ இல்ல, டீச்சரு! ரெண்டு கேள்வி கேட்டுட்டுப் போயிருவாக!"

கேள்வி கேட்பது ஓட்டுநரிடம் மட்டுமல்ல. மேல மாசி வீதி முக்கில், கோயில் செருப்புக் காப்பகத்து வரிசையில், ரயில் நிலையத்து வாசலில், யார் கையில் பயணப்பை இருக்கிறதோ அவர்களிடமெல்லாம். எந்த ஊர், யாரோடு வந்தீர்கள் என்று எல்லோரும் கேட்பதைத்தான் அவரும் முதலில் கேட்பார். பிறகு வேறு யாரும் கேட்காத ஒன்றைக் கேட்பார்: "போன வருசம் ஏன் வரல?"

இதை இந்தியில் கேட்கக் கற்றுக்கொண்டிருக்கிறார். "பிச்லே சால் க்யூன் நஹி ஆயே?" என்று மேலூர் வாடையோடு அவர் கேட்கும்போது நாக்பூர்க்காரர்கள் முதலில் சிரிக்கிறார்கள். அப்புறம் பதில் சொல்கிறார்கள். மகளுக்குப் பரீட்சை. ரயில் இல்லை. அப்பா படுக்கையில் இருந்தார். மருமகள் வேண்டாம் என்றாள். ஒரு பெரியவர் மட்டும் வெகுநேரம் யோசித்துவிட்டு, "வரலாம் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லையே" என்றாராம். அந்தப் பதிலை முத்துமீனா ஒரு வாரம் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். "பாருங்க, தோணலையாம்! இந்த வருசம் தோணியிருக்கு. அந்தத் தோணுறது எங்கிட்டிருந்து வந்துச்சு? அதுதான் என் சோலி."

அவருடைய சோலி பசுமலையில் ஒரு கல்லூரியில் பொருளாதாரம் நடத்துவது. ஆராய்ச்சி, மதுரைக்கு வருகிற பயணிகளின் கூட்டம் காலப்போக்கில் ஏன் கூடுகிறது, ஏன் குறைகிறது, அடுத்து என்ன ஆகும் என்பது. வயது நாற்பத்து மூன்று. கஞ்சி போட்ட பருத்திச் சேலைக்குக் கீழே ஓட்டப்பந்தய வீராங்கனை போல் வெள்ளை ஷூ. வாயில் எப்போதும் ஒரு இஞ்சி மரப்பா. மின்வாரியத்தில் வேலை பார்க்கும் கணவர் அசோக்குமார், மனைவியோடு ஊட்டிக்குப் போய்விட்டுத் திரும்பியதை இப்படிச் சொல்கிறார்: "நான் தொட்டபெட்டா பார்த்தேன். இவ அங்க வந்த ஆளுகளப் பார்த்தா."

தன் கணக்கில் வரும் காரணங்களுக்கெல்லாம் அவர் ஆள் பெயர் வைத்திருக்கிறார். அறை வாடகைக்கும் ரயில் கட்டணத்துக்கும் 'விலைக்காரன்'. வெயிலுக்கு 'கோவக்காரன்'. பள்ளி விடுமுறைக்கு 'சின்னவன்'. கணினித் திரையைப் பார்த்துக்கொண்டே, "விலைக்காரன் இந்த வருசம் அடங்கிட்டான், சின்னவன் துள்றான்" என்பார். பக்கத்து இருக்கைப் பேராசிரியர்கள் யாரோ சொந்தக்காரர்களின் சொத்துத் தகராறு என்று வெகுநாள் நினைத்திருந்தார்கள்.

வகுப்பில் இதை அவர் விளக்குவது தன் ஊர்க் கதையை வைத்துத்தான். மேலூருக்கு உள்ளே ஒரு சிற்றூர். அம்மா முருகம்மாள் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர். "சித்திரைத் திருவிழாவுக்கு மதுரை வரணும்னா அப்ப எங்க தெருவுல பஸ் காசுதான் முடிவு பண்ணும். காசு கூட்டுனா பாதித் தெரு வராது. இன்னைக்கு அதே தெரு, அதே ஆளுக. பஸ் காச எம்புட்டுக் கூட்டினாலும் பைக்க எடுத்துட்டு வந்துருவாங்க. இப்ப அவங்கள நிறுத்துறது என்ன தெரியுமா? மறுநாள் லீவு கிடைக்குமா கிடைக்காதாங்குறதுதான். காரணம் எல்லாம் அப்படியேதான் இருக்கு. ஒவ்வொன்னோட எடைதான் மாறிப்போச்சு." பழைய கணக்கு முறைகள் அந்த எடையை ஒரு முறை நிறுத்துப் பார்த்துவிட்டு அதையே வருடக்கணக்காக நம்பும். அவருடைய கணக்கு மாதம் தோறும் தராசை மறுபடி தூக்கும். வித்தியாசம் அவ்வளவுதான்.

இந்த வித்தியாசத்தை அவர் கற்றது ஓர் அடியில்.

கொரோனாவுக்கு முந்தின மார்கழியில், நகரத்து விடுதி உரிமையாளர்கள் சங்கத்தில் அவர் பேசினார். வருகிற கோடையில் இதுவரை பார்க்காத கூட்டம் வரும் என்று அடித்துச் சொன்னார். சங்கத் தலைவர் பாண்டியராஜன் அந்தப் பேச்சை நம்பி மாடியில் ஒரு தளம் எடுத்தார். அதற்குப் புது மெத்தைகள் வாங்கினார். பங்குனியில் ஊரடங்கு வந்தது. அந்த மெத்தைகளில் பாதி இன்றுவரை பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் அவர் மாடியில் கிடக்கின்றன. முத்துமீனாவை எங்கே பார்த்தாலும் அவர் கேட்பது அதைத்தான்: "டீச்சர், மெத்தைக்கு ஆள் வருதா?"

எல்லோரும் சிரிப்பார்கள். முத்துமீனாவும் சிரிப்பார். ஆனால் அவரை உறுத்தியது வேறு. "நோய் வரும்னு நான் சொல்லல. அது எங்கணக்குல இல்ல, யார் கணக்குலயும் இல்ல. ஆனா ஊரடங்குல கேட்டவுககிட்ட, நோய் போனப்பறம் அதே ஆளுக அதே மாதிரி திரும்பி வருவாகன்னு சொன்னேன் பாருங்க, அதுதான் தப்பு. திரும்பி வந்தது வேற ஆளுக." வெளிநாட்டுப் பயணிகளை மையமாக வைத்து வருடக்கணக்கில் கட்டிய கணக்கை அவர் அன்றோடு மூட்டை கட்டினார். ஷூவை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கியது அதற்குப் பிறகுதான்.

இந்த வருடம் மாசி மாதத்தில் சங்கத்தின் கூட்டம் பாண்டியராஜனின் விடுதி அரங்கில் நடந்தது. பொருள்: ஜூன் மாதம். தமிழ்நாட்டில் பள்ளி திறந்ததும் கூட்டம் வடிந்துவிடும்; வெள்ளைக்காரர்கள் வரும் பருவம் அதற்கு வெகு முன்பே முடிந்துவிடும். ஜூன் என்றால் விடுதிக்காரர்களுக்குச் செத்த மாதம். அதனால் எல்லா விடுதிகளும் ஒரே நேரத்தில் பெயிண்ட், குழாய், லிஃப்ட் வேலைகளை வைத்துக்கொள்வது, வேலையாட்களை ஊருக்கு அனுப்பிவிடுவது என்று ஏறக்குறைய முடிவாகிவிட்டது.

மாதாந்திர விவரம் வாங்க வந்திருந்த முத்துமீனா கையைத் தூக்கினார்.

"வேண்டாம்ணே. ஜூன்ல கூட்டம் வரும். நடு ஜூன்லருந்து மாசக் கடைசி வரைக்கும்." எழுந்து போய், வாரா வாரம் எவ்வளவு கூட்டம் வரும் என்று மேலே ஏறும் ஒரு கோட்டைப் பலகையில் வரைந்து காட்டினார்.

"எங்கேருந்து?"

"வடக்கேருந்து. அங்கிட்டு ஸ்கூலு ஜூன் கடைசி வரைக்கும் லீவு."

"அந்த லீவு நேத்தா வந்துச்சு? எங்கப்பா காலத்துலருந்து அங்க லீவுதான்."

"லீவு இருந்துச்சுண்ணே. அந்த லீவுக்கும் நமக்கும் சம்பந்தம் இல்லாம இருந்துச்சு. என் கணக்குல அப்ப அதோட எடை ஒன்னுமே இல்ல. இப்ப மூணு வருசமா ஏறிக்கிட்டே வருது. முன்னாடி பெருசுக மட்டும் காசி, ராமேஸ்வரம்னு வருவாக. விலை பார்த்து, குளுருல வருவாக. இப்ப பேரன் பேத்தியக் கூட்டிட்டு வாராக. புள்ளைக்கு எப்ப லீவோ அப்பதான் வர முடியும். புதுப் பாலம் வந்து ராமேஸ்வரத்துக்கு மறுபடி ரயிலும் ஓடுது."

"இந்த வெயில்லயா?"

"அவங்க ஊர்ல இதவிட வெயிலுண்ணே! நம்ம வெயிலு வெள்ளைக்காரனத்தான் நிறுத்தும். நாக்பூர்க்காரன நிறுத்தாது."

பாண்டியராஜன் மெல்லத் துண்டைச் சரிசெய்துகொண்டு, "அப்ப மெத்தைக்கு ஆள் வருதுங்குறீங்க" என்றார்.

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. தீர்மானம் நிறைவேறியது. முத்துமீனாவுக்குக் காது சூடேறியது. ஆனாலும் அவர் எழுந்து போகவில்லை. கூட்டம் முடியும்வரை உட்கார்ந்திருந்து, வாங்க வந்த விவரத்தை வாங்கிக்கொண்டுதான் போனார்.

கடைசி வரிசையில் இருந்த ஒரு பெண்மணி மட்டும் சிரிக்கவில்லை. முனீஸ்வரி. டவுன் ஹால் ரோட்டை ஒட்டிய சந்தில் சின்ன விடுதி நடத்துகிறவர். கணவர் விருமாண்டி காலமான பிறகு தனியாக இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தார். முடியவில்லை. ஒரு ஜவுளி வியாபாரி அந்தக் கட்டடத்தைச் சரக்கு அடைக்கிற கிடங்காகக் கேட்டிருந்தார். ஆடி பிறக்கும் முன்பே ஒப்பந்தம் போடுவதாகப் பேச்சு. அப்படியானால், பதினைந்து வருடமாக அறை கூட்டும் இருளாயி உட்பட எல்லோருக்கும் வேலை போகும்.

மறுநாள் காலை முனீஸ்வரி பசுமலைக் கல்லூரி வாசலில் நின்றார்.

"டீச்சர், எனக்குக் கணக்கு தெரியாது. ஒன்னே ஒன்னு சொல்லுங்க. நேத்து சொன்னது தப்பாப் போக எம்புட்டு வாய்ப்பு இருக்கு?"

முத்துமீனா அவரை நிமிர்ந்து பார்த்தார். இத்தனை வருடத்தில் இந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை. எல்லோரும் கேட்பது "வருமா, வராதா" என்றுதான்.

"அஞ்சு தடவ இப்படிச் சொன்னா ஒரு தடவ தப்பாப் போகும்க்கா. அந்த ஒரு தடவ இதுவாக்கூட இருக்கலாம்."

"கொரோனா வருசத்துக்கும் இப்படித்தான் சொன்னீங்களா?"

"இல்லக்கா. அப்ப அடிச்சுச் சொன்னேன்."

முனீஸ்வரி பையைத் தோளில் மாட்டினார். "அப்ப இத நம்பலாம்" என்று சொல்லிவிட்டு ஆட்டோ ஏறினார்.

அதன்பின் இரண்டு பேரும் சேர்ந்து அந்த விடுதியை வடக்கத்திக் குடும்பங்களுக்காக மாற்றினார்கள். இருவர் அறைகளில் நால்வருக்குக் கட்டில் போட்டார்கள். மொட்டை மாடி முழுக்கத் துணி காயப்போட கொடி கட்டினார்கள். வாசலில் இந்தியில் ஒரு பலகை வைத்தார்கள். இருளாயி, "கரம் பானி, டண்டா பானி" என்று வாளிகளைக் காட்டிச் சொல்லிச் சொல்லிப் பழகினாள். "கரம்னா சுடுதண்ணியாம், டண்டான்னா பச்சத்தண்ணியாம். நான் டண்டான்னா தடியத் தூக்கிட்டு அடிக்க வாராகன்னுல்ல நெனச்சேன்!"

ஜூன் பிறந்தது. பள்ளிகள் திறந்தன. நம் ஊர்க் கூட்டம் ஒரே நாளில் வடிந்தது. மற்ற விடுதிகளில் சாரம் ஏறியது. தெருவெல்லாம் பெயிண்ட் வாடை. முனீஸ்வரியின் வரவேற்பு மேசைக்குப் பின்னால் சாவிப்பலகையில் அத்தனை சாவியும் தொங்கின. வழியில் வண்டியை நிறுத்திய பாண்டியராஜன், "என்னம்மா, வடக்கத்தியாளுகளுக்கு வழி தெரியலையோ? வேணும்னா நம்ம பெயிண்டர அனுப்பவா?" என்று கேட்டுவிட்டுப் போனார். கேலி பாதி, அக்கறை பாதி. அதனால் இன்னும் வலித்தது.

முத்துமீனா தினமும் கல்லூரி முடிந்து அங்கே வந்து உட்கார்ந்தார். பேச்சு குறைந்தது. வீட்டில் சமையல் என்ன ஆனது என்பதை அசோக்குமார் சொல்கிறார்: "சாம்பார்ல உப்பே இல்ல. சொல்லலாமான்னு பார்த்தேன். அவ மூஞ்சியப் பார்த்துட்டு, நல்லாருக்குன்னு சாப்பிட்டுட்டேன்."

முதல் வாரத்து விவரத்தையும் போட்டு அவர் கணக்கை மறுபடி ஓட்டினார். முடிவை மறைக்காமல் சொன்னார்: "அக்கா, கோடு கொஞ்சம் எறங்கிருச்சு. ஆனா மேல ஏறும்னுதான் இன்னமும் சொல்லுது."

"அது கிடக்கட்டும். நீங்க என்ன சொல்றீங்க?"

"நானும் அதேதான் சொல்றேன்."

"அப்ப காபி குடிங்க" என்றார் முனீஸ்வரி.

அடுத்த வாரமும் பாதி போனது. ஜவுளி வியாபாரி அளவு நாடாவோடு ஆள் அனுப்பி, சுவருக்குச் சுவர் அளந்துகொண்டு போனார். அளந்தவன் போனபிறகு இருளாயி அவன் மிதித்த இடத்தையெல்லாம் தண்ணீர் விட்டுக் கழுவினாள்.

ஒரு சனிக்கிழமை மதியம், முத்துமீனா தேர்வுத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது உக்கிரபாண்டியிடமிருந்து அழைப்பு. பின்னால் ஒரே ஹாரன் சத்தம்.

"டீச்சர்! எல்லீஸ் நகர்ல எடமே இல்ல! என் வேன வெளிய எடுக்க முடியல! எங்க பார்த்தாலும் எம்ஹெச்சு, எம்பி நம்பர் வண்டியாக் கெடக்கு! ஸ்டேஷன் பக்கமும் சனமாத்தான் இருக்காம். எல்லாம் புள்ளகுட்டியோட!"

தேர்வுத்தாள்களை அப்படியே போட்டுவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினார். கட்டபொம்மன் சிலையைத் தாண்ட முடியவில்லை. வண்டியை ஓரம் கட்டிவிட்டு நடந்தார். அவரைச் சுற்றி இந்தூரும் நாக்பூரும் நடந்துகொண்டிருந்தன. சக்கரப் பெட்டிகள் கடகடவென்று தரையில் உருண்டன. அப்பாக்களின் தோளில் குழந்தைகள். பாட்டிகளின் கையில் தண்ணீர் பாட்டில். ஒவ்வொரு விடுதி வாசலிலும் நின்று, உள்ளே சாரத்தையும் பெயிண்ட் டப்பாவையும் பார்த்துவிட்டு அடுத்த வாசலுக்கு நகர்ந்தார்கள்.

முனீஸ்வரியின் சந்துக்குள் அவர் நுழைந்தபோது வாசலில் செருப்புகள் குவிந்திருந்தன. சாவிப்பலகையில் ஆணிகள் மட்டும் தெரிந்தன. முனீஸ்வரி ஒரு கையில் பேனா, ஒரு கையில் அடுத்தவர் குழந்தை. மாடிக்கும் கீழுக்கும் இருளாயியின் குரல்: "கரம் பானி! கரம் பானி! எந்த ரூமு கேட்டது?" முத்துமீனாவைப் பார்த்ததும் முனீஸ்வரி பேனாவால் சாவிப்பலகையைக் காட்டினார். தலையை ஆட்டினார். அந்த ஆட்டலில் கண்ணீர் ஒரு துளி தெறித்துப் பதிவேட்டில் விழுந்தது.

கல்லூரியில் அத்தனை பேருக்கு நடுவே கம்பீரமாகப் பேசுகிற முத்துமீனா அப்போது செய்தது இதுதான்: சுவரில் சாய்ந்து, இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, சத்தமில்லாமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

சாயங்காலம் சந்தின் முனையில் பாண்டியராஜன் வருவது தெரிந்தது. அவருக்குப் பின்னால் ஒரு நாக்பூர்க் குடும்பம். அவருடைய விடுதியில் மட்டுமே தங்குகிற பழைய வாடிக்கையாளர்கள்; பேத்தியைக் கூட்டிக்கொண்டு சொல்லாமல் வந்துவிட்டார்கள். தலைவர் தலையில் அவர்களுடைய ஒரு பெட்டி. சட்டையில் பச்சைப் பெயிண்ட்.

"முனீஸ்வரி, எங்கயாச்சும் ஒரு எடம்…"

"ரூம் இல்லண்ணே. ஹால்ல வேணும்னா படுக்கலாம். தரைதான்."

பெட்டியை இறக்கி வைத்தவர் முத்துமீனாவைப் பார்த்தார். பிறகு, "டீச்சர், மெத்தைக்கு ஆள் வந்துருச்சு. எடுத்துட்டு வரச் சொல்லட்டுமா?" என்றார். இந்த முறை அந்தக் கேள்வியில் கேலி இல்லை.

மெத்தைகள் ஒரு மினி லாரியில் வந்தன. இருளாயி பிளாஸ்டிக் உறைகளைப் படபடவென்று கிழித்தாள். நாக்பூர்க்காரரின் பேத்தி அவற்றில் ஏறிக் குதித்தாள்.

மாதம் முடியும்வரை அந்தக் கூட்டம் நிற்கவில்லை. மற்ற விடுதிக்காரர்கள் சாரத்தைப் பிரித்து, ஊருக்கு அனுப்பிய ஆட்களைத் திரும்ப அழைத்து, ஈரப் பெயிண்டோடு அறைகளைத் திறந்தார்கள். திறந்த அன்றே நிரம்பின. ஒப்பந்தத்தோடு வந்த ஜவுளி வியாபாரியை உட்கார வைக்க முனீஸ்வரியிடம் ஒரு நாற்காலி இல்லை. நின்றபடியே பதிலைக் கேட்டுக்கொண்டு போனார்.

சங்கத்தின் அடுத்த கூட்டம் நடந்த அன்று, பாண்டியராஜனின் விடுதி வாசலில் பத்தாயிரம் வாலாவைக் கொளுத்தினார்கள். முத்துமீனா உள்ளே நுழைந்ததும் எல்லோரும் எழுந்தார்கள். கழுத்தில் ரோஜா மாலை விழுந்தது. மேடைக்குப் பின்னால் சுவர் அகலத்துக்கு ஒரு ஃபிளெக்ஸ். ஒரு பக்கம் அவருடைய கல்லூரி அடையாள அட்டைப் படம், ஆள் உயரத்துக்கு. மறுபக்கம் அவர் மாசியில் வரைந்து காட்டிய ஜூன் மாதக் கோடு, தங்க நிறத்தில் பளபளவென்று. மேலே கொட்டை எழுத்தில்: 'ஜூன் மாதத்தைக் கண்டுபிடித்த எங்கள் பேராசிரியரே!'

"பேசுங்க டீச்சர்" என்று பாண்டியராஜன் மைக்கை நீட்டினார். "அடுத்து புரட்டாசி எப்படின்னு சொல்லுங்க. நீங்க சொன்னபடி செய்யுறோம்."

முத்துமீனா மைக்கை வாங்கவில்லை. ஃபிளெக்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார். "மார்க்கர் பேனா யார்கிட்டயாவது இருக்கா?" என்றார்.

கொடுத்தார்கள். மாலையைக் கழற்றி முனீஸ்வரியின் கையில் கொடுத்தார். சேலையைச் செருகிக்கொண்டு, ஷூவோடு நாற்காலி மேல் ஏறினார். தங்கக் கோட்டின் தொடக்கத்தில், கோட்டுக்கு நன்றாகக் கீழே, ஒரு கறுப்புப் புள்ளி வைத்தார். "முதல் வாரம். வந்த ஆளு நான் சொன்னதவிடக் கொறச்சல்." அடுத்த புள்ளியும் கீழேதான். மூன்றாவது, கோட்டின் மேலேயே உட்கார்ந்தது. கடைசி வாரத்துப் புள்ளிக்குக் கை மேலே போனது, எழுத்துகளைத் தாண்டியது, ஃபிளெக்ஸின் விளிம்பையும் தாண்டியது.

"டீச்சர், அது புதுப் பெயிண்ட்டு!" என்று பாண்டியராஜன் பதறினார்.

முத்துமீனா நுனிக்காலில் எம்பி, சுவரில் அந்தப் புள்ளியை அழுத்தி வைத்தார்.